மீற்றர் போர்ட்டும் ஒரு கணக்குப் புத்தகமே

வரவு செலவுப் புத்தகம் இல்லாமல் கடை நடத்தும் ஒருவரைப் பார்த்தால் நாம் என்ன சொல்வோம்? ‘இந்த மனுஷன் எப்போது விழுவார் என்பது அவருக்கே தெரியாது’ என்போம். ஆனால் அதே கடைக்குச் சாமான் ஏற்றி வரும் வாகனத்தின் மீற்றர் போர்ட்டை எட்டிப் பாருங்கள். டீசல் முள் படுத்துக் கிடக்கும். சூடு காட்டும் முள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். சிவப்பு விளக்குகளில் பாதி எரிவதே இல்லை. ‘வண்டி ஓடுது தானே’ என்று நாமும் பேசாமல் இருந்து விடுகிறோம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எமது கரையோர ஊர்களில் பழைய கெப் வண்டிகளுக்கு இன்னும் நல்ல மதிப்பு இருக்கிறது. சம்மாந்துறை நெல்லாக இருந்தாலும், ஒலுவில் மீனாக இருந்தாலும், மருதமுனைக் கைத்தறித் துணியாக இருந்தாலும் சிறு வியாபாரிக்குக் கை கொடுப்பது முப்பது வருடம் கடந்த ஒரு ஹைலக்ஸோ அது போன்ற ஒன்றோதான். 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது என்றாலும், வரியையும் சேர்த்துப் பார்க்கும்போது புதிய கெப் ஒன்று சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவே பழையதை ஒழுங்காக வைத்திருப்பதுதான் நமக்கு உள்ள வழி. அதற்கு மீற்றர் போர்ட் உண்மை பேச வேண்டும்.

இதை இங்கே எழுதக் காரணம் எனது சொந்த அனுபவம். சாமான் ஏற்றுவதற்காக டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப் ஒன்றை வாங்கினேன். 1988 இல் வெளிவரத் தொடங்கிய ஐந்தாம் தலைமுறை வண்டி. ‘டூ எல்’ எனப்படும் 2.4 லீற்றர் டீசல் எஞ்சின். எஞ்சின் நல்லது, பொடியும் பரவாயில்லை. மீற்றர் போர்ட் மட்டும் சந்தேகத்தைத் தந்தது. வாங்கிய கையோடு கல்முனையில் வாகன வயரிங் செய்யும் ஒரு தம்பியிடம் கொண்டு போய் விட்டேன். அவர் போர்ட்டைக் கழற்றிப் பார்த்து விட்டுச் சிரித்தார்.

“காக்கா, இது பெற்றோல் வண்டிட மீற்றர். உங்கட எஞ்சின் டீசல். ஆரோ அழகுக்காகக் கொண்டு வந்து பூட்டி வெச்சிருக்காங்க.”

விடயம் இதுதான். வண்டியோடு வந்த போர்ட்டில் எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் கிடையாது. முன்னைய உரிமையாளர் ஒருவர், அந்த முள் உள்ள பெற்றோல் ஹைலக்ஸ் போர்ட் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டுவித்திருக்கிறார். டாஷ்போர்ட்டில் அளவாக உட்கார்ந்து விட்டது. பிளக்குகளும் ஏறக்குறையப் பொருந்தி விட்டன. பொருந்தாத வயர்களை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். அதோடு எஞ்சினில் சூட்டை அளக்கும் சென்சரும் வேறு ஏதோ ஒரு வண்டியினுடையது. பார்வைக்கு எல்லாம் இருந்தது. வேலை செய்தது பாதி.

முள்ளும் சென்சரும் சோடி

மீற்றர் போர்ட் மாற்றும்போது முதலில் விளங்கிக் கொள்ள வேண்டியது இதுதான். போர்ட்டில் உள்ள முள் தானாக எதையும் அளப்பதில்லை. எஞ்சினிலும் டாங்கியிலும் உள்ள சென்சர்கள் அனுப்புவதைத்தான் அது காட்டுகிறது. சென்சரில் மின்சாரத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறதோ அதற்கேற்ப முள் நகரும். அந்தத் தடையை அளக்கும் அலகு ஓம். ஒரு கம்பனியின் முள் அதே கம்பனியின் சென்சரோடுதான் சரியாகக் கதைக்கும். அளவைப் படி ஒரு ஊரினதும் கணக்கு இன்னொரு ஊரினதும் என்றால் வியாபாரம் என்னவாகும்? அதே கதைதான்.

டீசல் அளவைப் பாருங்கள். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் டாங்கி நிறைந்திருக்கும்போது சென்சர் 3 ஓம் அளவிலும், வெறுமையாக இருக்கும்போது 110 ஓம் அளவிலும் காட்டும். ஐரோப்பியப் பொதுச் சென்சர்கள் இதற்கு நேர் மாறானவை. வெறுமைக்கு 10, நிறைவுக்கு 180. அமெரிக்க உதிரிச் சந்தையில் கிடைக்கும் ஒரு வகையில் வெறுமைக்கு 240, நிறைவுக்கு 33. ஆகவே ஐரோப்பிய முள்ளை டொயோட்டா டாங்கியோடு இணைத்தால் டாங்கி நிறைய நிறைய முள் கீழே இறங்கும். ‘மீற்றர் பழுது’ என்று நாம் தூக்கி எறிவோம். உண்மையில் பழுது ஒன்றுமில்லை, சோடிதான் பிழை.

டீசல் முள் பொய் சொன்னால் நடுவழியில் நிற்போம், அவ்வளவுதான். சூட்டு முள் பொய் சொன்னால் எஞ்சின் போகும். கல்முனையில் இருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்குச் சரக்கோடு போகிறவர்களுக்குப் பதினெட்டு வளைவு ஏற்றத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. றேடியேற்றர் கொதிப்பதை முள் காட்டாவிட்டால் சாரதி மிதித்துக் கொண்டே இருப்பார். ஹெட் வளையும், கெஸ்கட் போகும். எனது வண்டியில் சூட்டு முள் எவ்வளவு ஓடினாலும் கால் பங்குக்கு மேல் ஏறவே இல்லை. அது வண்டி குளிர்ச்சியாக இருந்ததற்கான அடையாளம் அல்ல.

வயரிங் தம்பி அதைச் சோதித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. சென்சரைக் கழற்றி, அதன் உடலுக்கு ஒரு எர்த் வயர் கொடுத்து, கேத்திலில் கொதிக்கும் தண்ணீருக்குள் அதன் முனையை இறக்கினார். கொதிக்கும் தண்ணீர் 100 பாகை. சூட்டு முள் நடுவைத் தாண்டி மேலே ஏறியிருக்க வேண்டும். அது பழைய இடத்திலேயே நின்றது. அதே மாதிரிக்குரிய சென்சரைக் கொண்டு வந்து அதே தண்ணீரில் இறக்கியதும் முள் எழுந்து நின்றது. ஐந்து நிமிட வேலை. இந்தச் சோதனையை நீங்களும் உங்கள் கராஜில் கேட்டுச் செய்விக்கலாம். சென்சரைத் திரும்பப் பூட்டும்போது அதன் புரியில் வெள்ளை டேப் சுற்ற விடாதீர்கள். பல வண்டிகளில் அந்தப் புரி வழியாகத்தான் சென்சருக்கு எர்த் கிடைக்கிறது.

டீசல் போர்ட் வேறு, பெற்றோல் போர்ட் வேறு

ஆர்.பி.எம். முள் ஏன் செத்துக் கிடந்தது? பெற்றோல் எஞ்சினில் அந்த முள் இக்னிஷன் கொயிலில் இருந்து வரும் துடிப்பை எண்ணுகிறது. டீசல் எஞ்சினில் கொயிலே கிடையாது. டீசல் வண்டிகளில் பம்பில் உள்ள ஒரு சென்சரில் இருந்தோ, அல்லது ஓல்டனேற்றரின் ‘டபிள்யூ’ முனையில் இருந்தோதான் அந்தத் துடிப்பை எடுக்க வேண்டும். அந்தத் துடிப்பைப் படிக்கும் முள்ளும் வேறு. ஆகவே பெற்றோல் போர்ட்டைப் பூட்டி விட்டு எத்தனை வயர் இழுத்தாலும் அது சரியாகச் சொல்லாது.

இதை விடப் பெரிய இழப்பு விளக்குகளில்தான். டீசல் போர்ட்டில் குளோ பிளக் விளக்கு, டீசலில் தண்ணீர் சேர்ந்தால் எரியும் விளக்கு, டைமிங் பெல்ட் விளக்கு ஆகியவை உண்டு. பெற்றோல் போர்ட்டில் இவற்றுக்கு இடமே இல்லை. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கேன்களிலும் பீப்பாக்களிலும் டீசலைச் சேமித்து வைத்தவர்களுக்குத் தண்ணீர் கலந்த டீசல் பம்பை என்ன செய்யும் என்பது நன்றாகத் தெரியும். அந்த ஒரு விளக்கு எரிந்தால் பில்டரின் அடியில் தண்ணீரை வடித்து விட்டு வேலையைப் பார்க்கலாம்.

பெட்டரி சார்ஜ் விளக்கு பற்றியும் சொல்ல வேண்டும். எனது வண்டியில் அந்த இடத்தில் பல்பே இருக்கவில்லை. இது சிறிய விடயமாகத் தோன்றும். ஆனால் இந்த வகை டீசல் எஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வெக்கியூம் பம்ப் ஓல்டனேற்றரின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. முன்னால் ஓடும் பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கும், தண்ணீர்ப் பம்ப் நிற்கும், சற்று நேரத்தில் பிரேக்கும் கல்லாகி விடும். இந்த மூன்றையும் முதலில் வந்து சொல்லும் தூதுவன் அந்தச் சிறிய சிவப்பு விளக்குத்தான். சரக்கோடு இறக்கத்தில் வரும்போது அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு விடயம். பழைய வண்டிகள் பலவற்றில் ஓல்டனேற்றர் வேலையைத் தொடங்குவதற்கான முதல் மின்சாரமே இந்தப் பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் எரிந்து போனாலோ, அதற்குப் பதிலாக எல்.இ.டி. போட்டாலோ சார்ஜ் தொடங்காமலே போகலாம். பிறகு பெட்டரியைக் குறை சொல்லிப் புதிய பெட்டரி வாங்குவோம். அழகான வெளிச்சத்துக்காக எல்லாப் பல்பையும் எல்.இ.டி. ஆக்கும் நண்பர்கள் இந்த ஒன்றையாவது பழையபடி விடுங்கள்.

வயரிங் எப்படி நடந்தது

நாங்கள் செய்தது இதுதான். டீசல் ஹைலக்ஸ் ஒன்றில் இருந்து கழற்றிய, ஆர்.பி.எம். முள்ளோடு கூடிய போர்ட் ஒன்றைத் தேடினோம். உதிரிப்பாகம் என்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தம்பி ஒரு நிபந்தனை சொன்னார். “காக்கா, வெறும் போர்ட்டை மட்டும் வாங்கிராதீங்க. பின்னுக்கு இருக்கிற பிளக்கோட ஒரு முழம் வயரையும் சேர்த்து வெட்டித் தரச் செல்லுங்க. சென்சரும் அந்த எஞ்சின்ட கேளுங்க.” இந்த ஒரு பேச்சிலேயே பாதி வேலை முடிந்து விட்டது. பிளக் இல்லாத போர்ட் பூட்டு இல்லாத சாவி மாதிரி.

பெட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பின்னர்தான் அவர் கை வைத்தார். வயர்களின் நிறத்தை மட்டும் அவர் நம்பவில்லை. டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு உள்ள வயர் பெரும்பாலும் எர்த் என்பது போன்ற பொது வழக்கங்கள் உண்டு. ஆனால் முப்பது வருடத்தில் எத்தனை கைகள் பட்டிருக்கும்? ஆகவே மல்டி மீற்றரை வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்து, கொப்பி ஒன்றில் இரண்டு பத்தி போட்டு எழுதினார். இடப்பக்கம் வண்டியின் வயர், வலப்பக்கம் புதிய போர்ட்டின் முனை. எர்த், சாவி போட்டால் வரும் மின்சாரம், டீசல், சூடு, ஒயில் விளக்கு, சார்ஜ், சிக்னல் இரண்டு, ஹைபீம், போர்ட் வெளிச்சம், ஆர்.பி.எம்., குளோ, டைமிங் பெல்ட் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி. பற்று வரவு சரி பார்க்கும் பேரேடு மாதிரியேதான் இருந்தது.

பின்னர் வண்டியின் பழைய வயரை மேலும் வெட்டாமல், வாங்கி வந்த முழ வயரை வைத்து நடுவில் ஓர் இணைப்புக் கட்டு செய்தார். இணைப்புகளை ஈயம் பற்ற வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எமது கடற்காற்றில் அதிக காலம் தாங்காது. உப்புக் காற்று செம்பில் பச்சைக் களிம்பைப் பிடிக்க வைக்கும். களிம்பும் ஒரு தடைதான். முள் சென்சரின் தடையோடு அதையும் சேர்த்துப் படித்துப் பிழையாகக் காட்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல் தண்ணீர் ஏறிய வாகனங்களை ஒட்டி வைத்து ஓடியவர்களுக்கு இந்தக் களிம்பு தந்த தொல்லை மறந்திருக்காது.

எர்த் வயர் பற்றி ஒரு குறிப்பு. டீசல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒன்றாகச் சேர்ந்து ஏறினால் அல்லது ஒன்றாகச் சேர்ந்து விழுந்தால் சென்சரைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான எர்த்தையோ, பழைய போர்ட்கள் பலவற்றின் பின்னால் இருக்கும் சிறிய வோல்டேஜ் ரெகுலேற்றரையோ பாருங்கள். போர்ட்டின் ஆணி வழியாக எர்த் கிடைக்கும் என்று விடாமல் பொடிக்குத் தனியாக ஒரு வயர் போட்டு விடுவது நல்லது. மீற்றருக்கான பியூஸ் பெரும்பாலும் 10 அம்பியர்தான். அது அடிக்கடி போனால் காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடக் கூடாது. அப்படிச் செய்தால் பியூசுக்குப் பதிலாக வயர் எரியும். வயரோடு வண்டியும் எரியும்.

எல்லாப் போர்ட்டும் எல்லாவற்றுக்கும் ஆகாது

‘புது மொடல் போர்ட் ஒன்று போட்டால் என்ன?’ என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றில் போர்ட்டுக்குச் செய்தி தனித்தனி வயரில் வருவதில்லை. இரண்டே வயரில் கணினி மொழியில் வருகிறது. அந்த மொழியைப் பேசும் கணினி நமது பழைய கெப்பில் கிடையாது. சாவியைத் திறந்தால் எல்லா விளக்கும் எரிந்து கொண்டே இருக்கும். கென்டர், எல்ப் போன்ற லொறிகளின் போர்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை 24 வோல்ட், நமது கெப் 12 வோல்ட்.

வேகம் காட்டும் முள்ளும் அப்படித்தான். பழைய கெப்களில் கியர் பொக்ஸில் இருந்து வரும் கேபிள்தான் அதைச் சுழற்றுகிறது. ஜப்பான் வண்டிகளின் பொது அளவுப்படி அந்தக் கேபிள் நிமிடத்துக்கு 637 தடவை சுழன்றால் முள் 60 இல் நிற்க வேண்டும். அமெரிக்க மீற்றர் மைல் கணக்கில் இருக்கும், அதன் சுழற்சி அளவும் சற்று வேறுபடும். ரயரின் அளவை மாற்றினாலும் இந்தக் கணக்கு பிசகும். வேகம் மட்டுமல்ல, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்ற கணக்கும் சேர்ந்து பிசகும்.

கிலோமீற்றர் என்ற அமானிதம்

இனி வியாபாரிகளாகிய நமக்கு மிக முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். போர்ட்டை மாற்றினால் வண்டியின் வயதும் மாறி விடுகிறது. மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓடிய வண்டியில் எண்பதாயிரம் காட்டும் போர்ட்டைப் பூட்டினால், அடுத்து வாங்குபவருக்கு அது எண்பதாயிரம் ஓடிய வண்டி.

இது ஒழுக்கப் பிரச்சினை மட்டுமல்ல, எஞ்சின் பிரச்சினையும் கூட. நான் சொன்ன டொயோட்டா டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட்டைப் பொதுவாக ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதைச் சொல்லும் விளக்கு அந்தக் கிலோமீற்றர் எண்ணோடு இணைந்தே எரிகிறது. வேறு வண்டியின் போர்ட் வந்தால் வேறு வண்டியின் பெல்ட் கணக்கும் சேர்ந்தே வருகிறது. விளக்கு எரியும்வரை காத்திருந்தால் பெல்ட் அதற்கு முன்பே அறுந்து விடலாம். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதன் பிறகு எஞ்சின் வேலைதான். எனது வண்டியில் எந்த எண்ணை நம்புவது என்று தெரியாத நிலை. ஆகவே புதிய போர்ட் பூட்டிய அன்றே பெல்ட்டையும் மாற்றுவித்து, அன்றைய எண்ணை எழுதி வைத்தேன்.

அமெரிக்காவில் இதற்கு 1972 இலேயே சட்டம் கொண்டு வந்தார்கள். கிலோமீற்றரை ஏமாற்றும் நோக்கில் குறைப்பது குற்றம். மீற்றரை மாற்றும்போது பழைய எண்ணிலேயே புதியதை வைக்க வேண்டும். அது முடியாவிட்டால் பூச்சியத்தில் வைத்து, மாற்றிய திகதியையும் பழைய எண்ணையும் எழுதிச் சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஒரு சிறிய துண்டுத் தாள் எவ்வளவு பெரிய சண்டையைத் தவிர்க்கிறது! பொருளின் குறையைச் சொல்லி விற்பதுதான் வியாபாரம் என்று படித்து வளர்ந்த நமக்கு இதைச் செய்ய ஒரு சட்டம் வேண்டுமா?

நான் செய்தது இதுதான். பழைய போர்ட்டின் எண்ணையும் புதிய போர்ட்டின் எண்ணையும் தனித்தனியாகப் படம் எடுத்தேன். திகதி, இரண்டு எண்கள், பெல்ட் மாற்றிய விபரம் மூன்றையும் எழுதி, கராஜில் கையொப்பம் வாங்கி, வாகனப் புத்தகத்தின் பிரதியோடு வைத்திருக்கிறேன். கதவின் உட்புறத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. விற்கும்போது விலை சற்றுக் குறையலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். குறையட்டும். வாங்கியவர் ஆறு மாதத்தில் திரும்பி வந்து கடை வாசலில் நின்று சத்தம் போடுவதை விட அது மலிவு.

வண்டியை மீற்றர் வேலைக்கு விடுவதற்கு முன் வயரிங் செய்பவரிடம் இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்:

1. போர்ட் எந்த எஞ்சின் வண்டியில் இருந்து கழற்றியது, எத்தனை வோல்ட்?

2. பின்பக்கப் பிளக்கும் வயரும் கூட வருகிறதா?

3. சூட்டுச் சென்சரும் டாங்கிச் சென்சரும் அந்தப் போர்ட்டுக்குச் சோடியா? சோதித்துக் காட்டுவீர்களா?

4. சாவியைத் திறந்ததும் சார்ஜ் விளக்கும் ஒயில் விளக்கும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைகின்றனவா?

5. பழைய கிலோமீற்றரையும் புதிய கிலோமீற்றரையும் பில்லில் எழுதித் தருவீர்களா?

ஐந்தாவது கேள்விக்கு முகத்தைச் சுளிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். முதல் நான்குக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவர் கூலி சற்றுக் கூடக் கேட்டாலும் கொடுத்து விடுங்கள். ஹெட் வேலைக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால் வயரிங் கூலி ஒன்றுமே இல்லை.

வேலை முடிந்து வண்டியை எடுத்த பிறகும் முதல் ஒரு வாரம் பாரம் இல்லாமல் பக்கத்து ஊர்களுக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். டாங்கியை நிரப்பி முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். எஞ்சின் சூடேறியதும் சூட்டு முள் எங்கே நிற்கிறது என்பதைச் சாரதிக்கும் காட்டிக் கொடுங்கள். அந்த இடத்தை விட்டு முள் நகர்ந்தால் உடனே ஓரமாக நிறுத்த வேண்டும் என்று சொல்லி வையுங்கள். கணக்குப் புத்தகம் எழுதினால் மட்டும் போதாது, அதைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும் அல்லவா?